அம்பத்தூர் பிளாட்டுக்கு அடுத்து

அம்பத்தூர் பிளாட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாச்சு. "அடுத்து எங்க வாங்கப் போற?" என்று சித்தப்பா கேட்கிறார்.

பூந்தமல்லியில் எல்லோர் வாயிலும் மெட்ரோதான். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கி.மீ. தடம். ஆனால் அதற்கான விலையை மனை விற்பவர்கள் எப்போதோ ஏற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். என் மனம் ஆவடி தாண்டி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் போகிறது. மின்சார ரயில் இருக்கிறதே!

ஆனால் அவசரமில்லை. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்ச ரூபாய் மனைக்கு 3.6 லட்சம் அதற்கே போய்விடும். காலி மனை வாடகையும் தராது, இஎம்ஐ மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். அதனால் அம்பத்தூர் பிளாட்டுக்கு வாங்கிய கடனில் கணிசமாக அடைத்த பிறகுதான் அட்வான்ஸ்.

வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் பேச்சே இல்லை. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளுக்கான வரன்முறைத் திட்டம் 20.10.2016க்கு முன்பு உருவானவற்றுக்குத்தான். "பிறகு அப்ரூவல் வாங்கிக்கலாம் சார்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுவேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் எந்த மனையும் மேடாகத்தான் தெரியும். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு ஓடுகிறதா, பழைய வீடுகளில் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பால் போடுபவரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

கார்த்திகை மழையில் திருநின்றவூர் போகிறேன். ஏரியை ஒட்டி எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்? அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்களேன்.