பாகு வாசனை

முடிச்சூர்க்காரர்களிடம் போய், காருக்குள்ளே ஏதோ வாசனை வருகிறது என்று சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு தெருவுக்குள் வந்து போன பிறகு இங்கே நிறைய வண்டிகளுக்கு ஒரு வாசனை இருந்தது. சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தவர்கள் உண்டு. எங்கள் வண்டியும் அன்று சக்கரம் முங்கும்வரை நின்றதுதான். அதனால் மூக்கு எதையாவது சொன்னால், "அது வெள்ளத்து வாசனை, போகாது" என்று முடித்துவிடுவோம்.

ஆனால் இது அழுகல் வாசனை இல்லை. இனிப்பு.

2025 தீபாவளிக்கு முந்தின வாரம். கோடம்பாக்கத்தில் ரயிலேறி தாம்பரத்தில் இறங்கினேன். அப்பா மேற்குப் பக்கம் வண்டியோடு நின்றிருந்தார். நல்ல மழை. முடிச்சூர் ரோட்டில் வண்டிகள் நகரவேயில்லை. முன்கண்ணாடி உள்பக்கம் பனித்துக்கொண்டே வந்தது. அப்பா மஞ்சள் துணியால் துடைக்க, துடைத்த இடம் எண்ணெய் தடவின மாதிரி ஆகி, எதிரே வரும் வெளிச்சம் எல்லாம் கண்ணாடியில் பூத்தது. நான் சும்மா இருக்காமல் ஏ.சி. குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பினேன். சென்னையில் அந்தச் சிவப்புப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. அரை நிமிஷம்தான். சூடான காற்றோடு குப்பென்று வந்தது.

"அப்பா, பாகு காய்ச்சற மாதிரி வாசனை வருதே?"

"எங்கயாவது ஸ்வீட் போடுவாங்கம்மா. தீபாவளி வருதுல்ல."

நான்கு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. கண்ணாடி இன்னும் மோசமாக மங்கியது. குமிழைப் பழையபடி திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் செருப்பின் அடி வழுக்கியது. முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே கார்பெட் நனைந்திருந்தது. இந்த இடத்தில் ஈரம் என்றால் ஏ.சி. தண்ணீர் என்பார்கள். வெளியே சொட்ட வேண்டிய குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் அது உள்ளேதான் வடியும். ஆனால் ஏ.சி. தண்ணீருக்கு வாசனை கிடையாது, சீக்கிரம் காயும். இது விரலில் கிளிசரின் மாதிரி நின்றது. ஒரு டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்துப் போய் அப்பாவின் மூக்கருகே நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

மூச்சை நன்றாக இழுத்தார். "தண்ணிதான்ம்மா."

என் கை நீட்டினபடியே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு டிஷ்யூவை. பிறகு, "லேசா வருதோ?" என்றார். விடை தெரியாத பையன் கேள்வித்தாளையே திரும்பப் படிக்கிற குரல்.

இங்கே அப்பாவின் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தாம்பரம் கார்ஷெட்டில் எலக்ட்ரிக்கல் ஃபிட்டர். 1931-இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் பாதையின் கடைசித் தலைமுறை ஃபிட்டர்களில் ஒருவர். 2004-இல் அந்தத் தடத்தில் மீட்டர்கேஜ் நின்றது. அவர் 2014-இல் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் பேசிய எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே எந்த மோட்டாரில் வார்னிஷ் கருகுது என்று சொல்லிவிடுவாராம். மீட்டரை எடுத்து வந்து வைத்துப் பார்த்தால் சரியாக இருக்குமாம். எங்கள் வீட்டில் சாம்பாரில் பெருங்காயம் போட மறந்ததைக் கூடத்திலிருந்தே கண்டுபிடித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"எப்பலேர்ந்துப்பா?"

"ரெண்டாவது அலைல போச்சு. எல்லாருக்கும் வந்துச்சே, நமக்கும் வரும்னு பாத்தேன். உங்கம்மா இருந்தா. பால் கெட்டுப்போச்சா, அடுப்புல பிடிக்குதா, எல்லாம் அவ சொல்லிடுவா."

2021 மே. அம்மா போனது 2023-இல். அதற்குப் பிறகு இந்த வீட்டில் மூக்கே இல்லை. சனி ஞாயிறு நான் வருகிறேன், சமைக்கிறேன், ஊறுகாய் அதிகமாகக் கேட்கிறார், வயசானால் நாக்கு மரத்துப்போகும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். "கொத்தமல்லி போட்டியா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பார்த்துக் கேட்டிருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் அளவு பார்த்து எழுதியிருந்தார். மினிமம் கோட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு ஊற்றினார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறார். காலையில் அதில் ஒரு சொட்டு இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று பயமுறுத்தி பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். அப்பா நம்பவில்லை. கேஸ்கெட் போனால் சைலென்சரில் வெள்ளைப் புகை வரவேண்டும், ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறவேண்டும். இரண்டும் இல்லை என்று அதையும் தேதி போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவால் அழுத்தி ஒரு வரி: 'எங்கே போகுது?'

காருக்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. ஹீட்டர் காயில் என்பார்கள். இன்ஜினைக் குளிரவைத்துவிட்டுச் சூடாகிற கூலன்ட் அதற்குள்ளும் போய்த் திரும்புகிறது. எங்கள் வண்டியில் குமிழ் நீலத்தில் இருந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். காற்று அதன்மேல் படாமல் ஒரு தடுப்பு மறைக்கும், அவ்வளவுதான். காயிலில் மயிரிழை ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், மிச்சம் கால்மிதிக்கு அடியில் இறங்கும். தரையில் சொட்டாது. அதைக் கண்டுபிடிக்க முதலில் கிடைக்கும் தடயம் வாசனைதான். அப்பாவிடம் மற்ற எல்லாம் இருந்தது.

"அப்ப அது பாகு இல்ல, கிளைக்கால்" என்றார். இரண்டு மாதத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இரும்புலியூர் பக்கம் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, 15 பவுண்ட் அழுத்தம் ஏற்றினார். முள் மெதுவாக இறங்கியது. பானெட்டுக்குள் எங்கும் கசிவு இல்லை. கால்மிதிப் பக்கம் டார்ச் அடித்தால், டேஷ்போர்டின் அடியில் ஒரு பச்சைத் துளி கனத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு டியூபையும் ஒண்ணா சேத்து பைபாஸ் போட்டுடலாம் சார். அரை மணி நேர வேலை. மெட்ராஸ்ல யாருக்கு ஹீட்டர்?"

நியாயமான கேள்விதான். நானே தலையாட்டியிருப்பேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மே மாதம், ஊரிலிருந்து திரும்பும்போது, பெருங்களத்தூர் நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் நின்றுவிட்டது. சூட்டு முள் சிவப்பை நோக்கிப் போனது. அப்பா ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார். இன்ஜினின் சூட்டை எங்கள் மேல் இறக்கினார் என்று சொல்லலாம். அம்மா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தாம்பரம் வரை திட்டிக்கொண்டே வந்தாள். முள் இறங்கியது, இன்ஜின் பிழைத்தது. "அது ஹீட்டர் இல்லப்பா, ரெண்டாவது ரேடியேட்டர்" என்றார் அப்பா. மெக்கானிக் சிரித்துக்கொண்டே டேஷ்போர்டு பிரிக்கும் கூலியைச் சொன்னார். இரண்டு நாள் வேலை.

கூலன்டை வெட்டின கேனில் வடித்து ஓரமாக வைத்ததும் ஒரு தெருநாய் வந்து மோந்தது. கையில் இருந்த ஸ்பேனரைக் காட்டி அதட்டித் துரத்திவிட்டு, கேனைத் தூக்கி பெஞ்சுமேல் வைத்தார் மெக்கானிக். "இனிப்பா இருக்கும்மா. நக்கிச்சுன்னா கிட்னி போயிடும்." எத்திலீன் கிளைக்கால் உடம்புக்குள் போனால் ஆக்சலேட் உப்பாகிச் சிறுநீரகத்தில் படிகிறது. அதன் நெருங்கிய உறவு டைஎத்திலீன் கிளைக்கால். அந்த மாதம் பேப்பர் முழுக்க அந்தப் பெயர்தான். எங்களிடமிருந்து படப்பை, ஒரகடம் வழியாகப் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 சதவீதம் அது இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பிள்ளைகள் முகம் சுளித்துத் துப்பிவிடுகிற கசப்பு அதில் இல்லை. அந்த நாயைத் துரத்த அங்கே ஓர் ஆள் இருந்தார்.

கழற்றின காயில் இரண்டு உள்ளங்கை அகலம்தான். அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. "போர் தண்ணி ஊத்திருக்கீங்க சார்" என்றார் மெக்கானிக். 2019 கோடையில், திண்டிவனம் தாண்டி, ஒரு ஹோட்டல் பின்பக்கக் குழாயில் பிடித்து ஊற்றியது எனக்கே ஞாபகம் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்த இரண்டு நாளும் நான் அடுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றத்தைச் சேர்த்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள். மூக்கு உள்ளவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. கேஸ் கசிந்தால் கூவுகிற கருவி ஒன்றை வாங்கி வந்தேன். அப்பா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்த தாளை முழுசாகப் படித்துவிட்டு, "கேஸ் கனம், கீழதான் தேங்கும். மேல மாட்டாத" என்று தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

வண்டி வந்தது. கார்பெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜின் சூடானதும் அப்பா குமிழைச் சிவப்பின் கடைசிவரை திருப்பினார். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"வருதா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு."

மூச்சை இழுத்தேன். பிளாஸ்டிக், சோப்பு, பின்னால் பழைய வெள்ளத்து வாசனை கொஞ்சம்.

"இல்ல."

நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'வாசனை – இல்லை' என்று எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பெயர். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கப் போனவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஃபிரிட்ஜ்ல முந்தாநேத்துப் பால் இருக்கு. போறதுக்கு முன்னாடி அதையும் கொஞ்சம் பாத்துடு."