சரவணம்பட்டிக்குக் குடி போகலாமா?

மாலை ஆறரை மணிக்கு சரவணம்பட்டி சிக்னலில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஊரின் கதை பாதி புரிந்துவிடும். கோவையின் டிஎன் 38, டிஎன் 66 எண்களுக்கு நடுவே சென்னை வண்டி, மதுரை வண்டி, தேனி வண்டி, கேரள வண்டி, கர்நாடக வண்டி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஹெல்மெட்டுக்குள் போனில் பேசிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊரில் பிறந்தவர்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பேச்சு ஓடுகிறது. ‘பேசாம கோயம்புத்தூர் போயிடலாமா?’ கேட்பவர் கணவராக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். ஐ.டி. வேலை என்றால் அந்தப் பேச்சு பெரும்பாலும் சரவணம்பட்டியில்தான் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நடுத்தர நகரங்கள் குடிவருபவர்களுக்குப் பணமே கொடுத்துப் பார்க்கின்றன. கான்சாஸ் மாநிலத் தலைநகரான டொபீகாவில், சில நிபந்தனைகளோடு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை உண்டு. கோவை அப்படி யாருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கொடுக்காமலே கூட்டம் வருகிறது. காரணம், கோவைக்கு இருக்கும் பெயர்: நல்ல தண்ணீர், நல்ல காற்று, மரியாதையான பேச்சு, நெரிசல் இல்லாத ஊர்.

அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால், அது சம்பாதிக்கப்பட்டது வேறு தெருக்களில். ஆர்.எஸ்.புரத்தையும் வடவள்ளியையும் மனதில் வைத்துக்கொண்டு சரவணம்பட்டியில் வீடு பிடிப்பவர்கள்தான் முதல் கோடையிலேயே முகம் சுளிக்கிறார்கள்.

காடு என்றால் காடு அல்ல

சத்தி ரோட்டில் காந்திபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கணபதி தாண்டி, அத்திப்பாளையம் பிரிவு தாண்டி வந்தால் சரவணம்பட்டி. (கோவையில் பாதி பஸ் ஸ்டாப்புகள் ‘பிரிவு’தான். ஒரு கிளைச்சாலை பிரிகிற இடம் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் இதுதான்.)

ஊருக்குப் பழைய பேர் சொல்லும் ஒரு சுருக்கமும் உண்டு: சிரவை. பக்கத்துச் சின்னவேடம்பட்டியில் இருக்கும் கௌமார மடாலயம், ‘சிரவை ஆதீனம்’ என்றே தமிழ் உலகில் அறியப்படுகிறது. கரட்டுமேட்டில் முருகன் கோயில். சுற்றிலும் ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த நிலம். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் இருந்தால் அது ‘தோட்டம்’. வானம் பார்த்த பூமி என்றால் ‘காடு’. மரம் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. சரவணம்பட்டியைச் சுற்றி இருந்ததில் நிறையவும் காடுதான். தண்ணீர் பற்றிய கேள்விக்கான பதில் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

1984-ல் சின்னவேடம்பட்டியில் குமரகுரு பொறியியல் கல்லூரி வந்தது. பிறகு துடியலூர் ரோட்டில் கே.ஜி.ஐ.எஸ்.எல். வளாகம், கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம், அதில் காக்னிசன்ட், பாஷ் என்று பெரிய நிறுவனங்கள். 2011-ல் சரவணம்பட்டி பேரூராட்சி, மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2017-ல் சிவானந்தபுரத்தில் புரோசோன் மால் திறந்தது. அதாவது வேலை முதலில் வந்தது, கடைகள் பிறகு வந்தன. சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய் இவையெல்லாம் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன.

எந்தத் தண்ணீர்?

கோவைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் சிறுவாணித் தண்ணீர், மாநகரின் எல்லாக் குழாய்களிலும் வருவதில்லை. மேற்கே இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை அதிகம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பகுதிகள் பெரிதும் நம்பியிருப்பது பவானி ஆற்றின் பில்லூர் தண்ணீரை. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, குடிக்க நன்றாகவே இருக்கும். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் விஷயம்.

மாநகராட்சி செயல்படுத்தி வரும் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் பழைய மாநகரின் 60 வார்டுகளுக்கானது. பின்னால் சேர்ந்த சரவணம்பட்டி அந்தக் கணக்கில் இல்லை. 2024-ல் பில்லூர் மூன்றாம் திட்டம் தொடங்கியபின் வடக்குப் பகுதிகளுக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்க வழி பிறந்திருக்கிறது. ஆனாலும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். குழாய் எப்போது போட்டார்கள், தொட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தெரு மேடா பள்ளமா... இவை தீர்மானிக்கிற விஷயம் அது.

இங்கே வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருவது ‘நல்ல தண்ணி’. போர்வெல்லில் வருவது ‘உப்புத் தண்ணி’. வீட்டுத் தரகர் ‘தண்ணிக்குப் பிரச்னையே இல்லைங்க’ என்று சொன்னால், எந்தத் தண்ணீருக்கு என்று கேட்க வேண்டும். உப்புத் தண்ணீரில் குளித்துத் தலைமுடி கொட்டுகிறது என்ற புலம்பலைப் புதுக் குடித்தனக்காரர்கள் எல்லோரிடமும் கேட்கலாம். ஹீட்டரிலும் பக்கெட்டிலும் வெள்ளையாகப் படியும் உப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயிரம் அடி போர் போட்டும் கோடையில் காற்று வந்த கதைகளும் உண்டு.

சின்னவேடம்பட்டி ஏரி சுமார் 200 ஏக்கர். பல ஆண்டுகள் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. தன்னார்வலர்கள் தங்கள் வார இறுதிகளைச் செலவழித்து அதைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கௌசிகா நதியை மீட்கவும் உழைக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு பவானி நீரைக் கொண்டுபோகிறது. நிலத்தடி நீருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், சமையலறைக் குழாய்க்கு அதை நம்பி வாடகை ஒப்பந்தம் போட முடியாது.

ஆகவே, வீடு பார்க்க வேண்டிய மாதம் ஏப்ரல் அல்லது மே. நவம்பரில் வந்து பார்த்தால் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

சிக்னலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அடுத்தது சாலை. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டி, ஜி.டி.நாயுடு பெயர் சூட்டி, 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். சத்தி ரோட்டுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை. மெட்ரோ ரயில் திட்டத்தின் இரண்டாவது பாதை கோவை ஜங்ஷனிலிருந்து கணபதி, சரவணம்பட்டி வழியாக வலியாம்பாளையம் பிரிவு வரை வருவதாக இருந்தது. இரண்டு பாதைகளும் சேர்த்து 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரம் 20 லட்சத்தை எட்டவில்லை என்பது.

சரவணம்பட்டி சிக்னலில் நிற்பவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். அவர்களில் பலர் ஊருக்கு வந்ததே 2011-க்குப் பிறகுதானே!

எனவே மெட்ரோவை நம்பி யாரும் இப்போதைக்குக் குடிவர வேண்டாம். வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் மூன்றும் சிக்னலுக்கு ஒரே பக்கத்தில் அமைந்தால் சரவணம்பட்டி சொர்க்கம். கீரணத்தத்தில் வேலை, விஸ்வாசபுரத்தில் வீடு என்றால் பத்து நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம்; சென்னை ஓ.எம்.ஆரில் இருந்தவர்களுக்கு இது நம்ப முடியாத சொகுசு. அதுவே மனைவிக்கு பீளமேட்டில் வேலை, பிள்ளைக்கு கணபதிக்கு அந்தப் பக்கம் பள்ளி என்று பிரிந்துவிட்டால், சென்னையில் பட்ட பாடேதான் இங்கேயும். ஊர் சிறியது என்பதால் நெரிசல் குறையும் என்று நினைத்துக்கொள்கிறோம். சிறிய ஊரில் மாற்றுச் சாலைகளும் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். காளப்பட்டி வழியாக விமான நிலையம் போகும் ரோடு, துடியலூர் ரோடு... அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை

கணவன், மனைவி இருவருமே ஐ.டி., இரண்டு பிள்ளைகள், ஊரில் வயதான பெற்றோர் என்று ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் கீரணத்தத்துக்கு மாற்றல் கிடைக்கிறது. இன்னொருவருக்கு? பெரும்பாலான வீடுகளில் முடிவு தடுமாறுவது இங்கேதான். பல சமயம் அந்த ‘இன்னொருவர்’ மனைவியாகவே இருக்கிறார். ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு வருடம் கழித்தும் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிறையப் பேர்.

கோவையில் வேலைக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட், பவுண்டரி, நூற்பாலை, கிரைண்டர், மருத்துவமனை, கல்லூரி என்று நூறு வருடத் தொழில் நகரம் இது. ஆனால், ஐ.டி.யில் ஒரு கம்பெனி வேண்டாமென்றால் அடுத்த வாசலைத் தட்டும் வசதி சென்னை, பெங்களூரு அளவுக்கு இல்லை. கீரணத்தம், துடியலூர் ரோடு, பீளமேட்டு டைடல் பார்க் என்று சில இடங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் லாரியைக் கூப்பிட வேண்டும். ஓடும் என்றால் தைரியமாக வரலாம். இரண்டு சம்பளமும் இருந்தால்தான் கடன் அடைபடும் என்றால், இரண்டாவது வேலை கையில் வரும்வரை பொறுத்திருப்பதே உத்தமம்.

பெற்றோர் இருக்கும் வீடுகளுக்குக் கோவை பெரிய நிம்மதி. சிவானந்தபுரத்திலேயே சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் அவிநாசி ரோட்டுப் பக்கம். நள்ளிரவில் போக அரை மணி ஆகாது. மாலை ஆறு மணிக்கு என்றால் சிக்னல் நினைவில் இருக்கட்டும்.

மனிதர்கள்

‘வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?’ இந்த ‘ங்க’ இன்னும் இருக்கிறது. பேக்கரியில் டீ கேட்டால், ‘இருங்ணா, தர்றேன்’ என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளைகளை ‘சாமி’, ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால், சரவணம்பட்டியில் டீ போடுபவர் கேரளத்துக்காரராக இருக்கலாம், பார்சல் கொண்டுவருபவர் ஒடிசாக்காரராக இருக்கலாம். கொங்குத் தமிழைக் கேட்க ஆசை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி கோவில்பாளையத்துக்கும் அன்னூருக்கும் போக வேண்டும்.

மரியாதையான அந்தக் குரலிலேயே, வீடு கேட்டுப் போகும்போது இன்னொரு கேள்வியும் வரும். ‘சொந்த ஊரு எதுங்க? அங்க எந்தப் பக்கம்? சைவமுங்களா?’ சாதியை நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கும் முறை. எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி இல்லை. ஆனால், தனியாக வேலைக்கு வந்த பெண்களும், முஸ்லிம் குடும்பங்களும், பட்டியல் சமூகத்தவரும் இந்தக் கேள்விக்குப் பிறகு ‘யோசிச்சுச் சொல்றனுங்க’ என்ற பதிலைக் கேட்டிருக்கிறார்கள். இது கோவைக்கு மட்டுமே உரிய நோயல்ல. ஆனாலும் ‘மரியாதையான ஊர்’ என்று நம்பி வருகிறவர்களுக்கு வலி கூடுதலாகத்தான் இருக்கும். பெரிய அடுக்குமாடிகளில் இந்த விசாரணை குறைவு.

மற்றபடி ஜூன் வந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இந்த ஊரின் எல்லாக் குறைகளையும் மூன்று மாதம் மறக்கடித்துவிடும். சாயங்காலம் தள்ளுவண்டியில் சூடாகக் காளான், ஞாயிற்றுக்கிழமை அரிசியும் பருப்பும் சாதத்தின் மேல் நெய்... இவையெல்லாம் போனஸ்.

சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் வந்தே பாரத் ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெங்களூருக்கும் ஒரு வந்தே பாரத் இருக்கிறது. வீட்டு வாசலில் ஓடும் சத்தி ரோடும் திம்பம் மலை ஏறி கர்நாடகம் போவதுதான். ஆனால், புலிகள் காப்பகத்துக்குள் இரவுப் போக்குவரத்துக்குத் தடை என்பதால், ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்த வழியில் காரை எடுக்க முடியாது.

சைட் வாங்குவதற்கு முன்

வந்த ஆறாவது மாதமே ‘ஒரு சைட் பார்த்திருக்கோம்’ என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. சென்னையில் ‘கிரவுண்டு’ கணக்கு, இங்கே ‘சென்ட்’. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஐந்தரை சென்ட் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. இந்தக் கணக்கு தெரியாமல் விலையை ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு மட்டும் வரன்முறை செய்துகொள்ள அரசு வழி விட்டது. ‘அப்ரூவல் வந்துரும்ங்க’ என்ற வார்த்தைக்குப் பத்திரத்தில் இடமில்லை. வந்த காகிதத்தைப் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

முதல் வருடம் வாடகை வீடுதான் சரி. சிக்னலுக்கு எந்தப் பக்கம் வேலை நிலைக்கும் என்பது தெரிய ஒரு வருடம் ஆகும். ஒரு கோடை, ஒரு மழைக்காலமும் கடந்திருக்கும். அதற்கிடையில் ஏதாவது ஒரு தெரு பிடித்துப்போனால், அங்கே கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அக்காவிடம் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘ஏனுங்க, மே மாசத்துல நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?’