சுவரில் நான்கு மூலை

அறுநூறு எம்.எம். லென்ஸ் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மான் தானாக வந்து முன்னால் நிற்கும் என்று எங்கள் கோவில்பட்டிப் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துச் சேர்த்த காசை மொத்தமாக அதில் போடவும் தயார். போடட்டும், நல்ல ஆசைதான். கடைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு கணக்குப் பார்க்கச் சொல்வேன்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 எம்.எம். லென்ஸை மாட்டி 50 மீட்டர் தள்ளிப் பார்த்தால், குறுக்கே நாலரை மீட்டர் தெரியும். ஆண் வெளிமானின் நீளம் ஒன்றேகால் மீட்டர் போல. அதாவது படத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். 600 போட்டால் அதே அளவு மான் 75 மீட்டரிலேயே கிடைத்துவிடும். ஆக, கூடுதலாகக் கொடுக்கிற பணத்துக்கு நமக்குக் கிடைப்பது 25 மீட்டர். அந்த 25 மீட்டர் சில இடத்தில் எந்த விலைக்கும் தகும். திருநெல்வேலி, தூத்துக்குடி ரோட்டில் இருக்கிற வல்லநாடு சரணாலயம் அப்படிப்பட்ட இடம். 1987-இல் வெளிமானுக்காகவே ஒதுக்கிய கரடு அது. அங்கே மான் நம்மைப் பார்த்த பிறகு ஓர் எட்டு கூடுதலாக வைத்தாலும் கிளம்பிவிடும். துரத்தி எடுக்கிற படம் படமும் இல்லை. ஆனால் கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அதே 25 மீட்டர் சும்மாவே கிடைக்கும். நீங்கள் எந்த இடத்து ஆள் என்று முதலில் தெரியட்டும்.

இன்னொரு சங்கதியைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அவர் கடை ஏசியில் இருக்கிறது. கரிசல் மண் வெயிலைக் குடித்துவிட்டு அனலாகக் கக்கும். மாசி பங்குனியில் காலை வெயில் ஏற ஏற, அறுவடை முடிந்த உளுந்துக் காட்டுக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸானாலும் மானைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். தூரம் கூடக் கூடப் படம் மசமசவென்று வரும், பிள்ளைகள் லென்ஸைத் திட்டுவார்கள். வெயிலுக்கு முந்திப் போவதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

நம் பக்கத்து மனுஷர் ஒருவரைச் சொல்லவேண்டும். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-இலிருந்து 1996-இல் சாகும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் காட்டுயிர் பற்றி எழுதிவந்தார். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். கட்டினவனுக்கு அதன் பலமும் நொள்ளையும் அத்துப்படி. ஒட்டின பெட்டியைப் பிரித்து வாங்குகிற நமக்கு அந்த வசதி இல்லை. சோதித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

எட்டயபுரம் சந்தையில் ஓர் ஆடு வாங்க என்னவெல்லாம் செய்கிறோம்! பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், முதுகுத் தண்டை அமுக்குகிறோம், தூக்கி எடை பார்க்கிறோம், நடக்கவிட்டுக் காலைக் கவனிக்கிறோம். அதே கைகள் ஒரு லட்ச ரூபாய் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, பட்டுத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து பீரோவில் வைத்துவிடுகின்றன.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. எங்கள் ஊரில் தீப்பெட்டி லேபிளுக்குப் பஞ்சமா? பொடி எழுத்து இருக்கிற லேபிளாகப் பார்த்து, சமமான சுவரில் நடுவில் ஒன்று, நான்கு மூலைக்கு நான்கு ஒட்டுங்கள். 600 எம்.எம்.முக்கு 15 மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தினால் குறுக்கே 90 சென்டிமீட்டர் சுவர் தெரியும். மேல் கீழ் 60. லேபிள்களை அதற்குள் அடக்குங்கள். கேமரா சுவருக்கு நேராக இருக்கட்டும், ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், டைமர் வைத்து விரல் படாமல் எடுங்கள். முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று. நான்கு மூலையும் ஒன்றுபோலக் கொஞ்சம் மழுங்கியிருந்தால் அது அந்த லென்ஸின் குணம். எஃப் 8-இல் தேறிவிடும். ஒரு மூலை மட்டும் கலங்கி, மற்ற மூன்றும் கூராக இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கேமராவைச் சரிபார்த்து இன்னொரு தடவை எடுங்கள். அப்போதும் அதே மூலை என்றால் சந்தேகமில்லை. பிறகு தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வரிசையில் நிறுத்தி நடுப்பெட்டிக்கு ஃபோகஸ் செய்யுங்கள். முன்பெட்டியோ பின்பெட்டியோ கூராக வந்தால் ஃபோகஸ் பிசகுகிறது. பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் மெனுவிலேயே இதைத் திருத்தலாம்.

அடுத்து கையில் பிடித்துக் கரண்டு கம்பியில் இருக்கிற பனங்காடை. ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. அதற்கு 1/2000 வேகம் வேண்டும். இரண்டு கிலோ லென்ஸை எத்தனை நிமிஷம் தூக்கிப் பிடிக்க முடிகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஜீப்புக்குள்ளிருந்து எடுக்கிறவர்கள் ஒரு பையில் பருத்திக்கொட்டையை அடைத்து ஜன்னலில் போட்டு அதன்மேல் வைக்கலாம். பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சைக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் செய்வதில்லை? சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பயம். தவணை போட்டு வாங்கிய பொருளில் குறை இருப்பது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். வாங்கிய மனைக்கு வில்லங்கம் பார்க்காதவர்களையும், கூட்டாளியிடம் கணக்குக் கேட்காதவர்களையும் எனக்குத் தெரியும். நம்பிக்கை என்று பேர் சொல்லிக்கொள்வார்கள். கேட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்பதில்லை. தெரியாமல் இருக்கிற காலத்தில் மாற்றிக்கொள்ளும் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகையால் பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். குறை இருந்தால் லேபிள் படத்தோடு கடைக்குப் போய், சண்டை போடாமல் காட்டுங்கள். நாலு மூலையையும் பார்த்த பிறகு யாரும் அதிகம் வாதாடமாட்டார்கள். மாற்றித் தருகிற லென்ஸ் புதுசுதானே என்று விட்டுவிடாமல், அதையும் அன்று சாயங்காலமே சுவருக்கு எதிரே நிறுத்துங்கள்.