வைரஸ் என்று சொன்னேன்

2018-ல் ஒரு சனிக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் 11 வருட உழைப்பை நான் அழித்தேன். அழித்துவிட்டுப் பழியை அவருடைய பேத்தி மேல் போட்டேன். அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அப்போது வேலை பார்த்தேன். ஐயா கொண்டுவந்தது சின்ன வேலைக்குத்தான். "தம்பி, மிக்சி ஓடுற மாதிரி சத்தம் வருது" என்றார். ஃபேனில் அடைந்திருந்த தூசியைத் தட்டி எண்ணெய் விட்டதும் சத்தம் நின்றுவிட்டது. அதோடு மூடிக் கொடுத்திருக்க வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர் பழசாக இருக்கிறதே என்று, அவர் கேட்காமலே கை வைத்தேன். கார்டின் மாடலைப் பார்த்து, அதற்கான டிரைவரைத் தேடி இறக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கும் சோம்பல்பட்டு, எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் மாற்றுகிற ஒரு மென்பொருளை ஓட்டினேன். ரீஸ்டோர் பாயிண்ட்கூட வைக்கவில்லை.

ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸ் லோகோ வந்தது, அதன் கீழே புள்ளிகள் சுற்றின, அப்புறம் திரை இருண்டுவிட்டது. மானிட்டரில் சிக்னல் இல்லை.

அந்த லோகோதான் முதல் சாட்சி. லோகோ தெரிகிறது என்றால் மானிட்டர், கேபிள், கார்டு மூன்றும் வேலை செய்கின்றன. புதிய டிரைவர் ஏறுகிற நொடியில் இருட்டாகிறது என்றால் கோளாறு டிரைவரில். இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினேன்; பச்சை விளக்கு எரிந்தது, மறுபடி தட்டினால் அணைந்தது. உள்ளே விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. சேஃப் மோடுக்குப் போக எஃப்8-ஐ அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் 10-ல் அந்த வழி வழக்கமாகத் திறந்திருக்காது. லோகோ வரும்போது பவர் பட்டனைப் பிடித்து அணைத்து, அப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அங்கிருந்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் கார்டின் டிரைவர் ஏறாது, அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ஓடும், திரை தெரியும். டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். எனக்கு இது தெரியும். ஒரு தடவை செய்தும் இருக்கிறேன். அதுகூட வேண்டாம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பக்கத்து மெஷினில் மாட்டி ஃபைல்களை எடுத்து வைத்திருக்கலாம். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு கேபிள்.

மேசை மேல் இன்னும் ஆறு மெஷின் காத்திருந்தது. விண்டோஸ் போடுகிற பென்டிரைவ் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துச் சொருகினேன். இருண்ட திரைக்குப் பக்கத்திலிருந்த ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டது. பென்டிரைவ் வந்துவிட்டது என்று அந்த மெஷின் எனக்குச் சொல்கிறது. உயிரோடு இருக்கிறது என்று அதைவிடத் தெளிவாக ஒரு மெஷினால் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ரீஸ்டார்ட் பண்ணி, சி டிரைவை ஃபார்மேட் போட்டேன்.

டி டிரைவில் இருப்பது போகாது என்பது கடைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற சமாதானம். ஐயா எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். டெஸ்க்டாப் சி டிரைவில் இருக்கிறது. நத்தம், சாணார்பட்டி பக்கத்து ஊர்களில் வயதான பெண்களிடம் உட்கார்ந்து பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும், அவற்றைக் கேட்டுக் கேட்டு அவரே ஒற்றை விரலில் தட்டி ஏற்றிய பக்கங்களும் அங்கேதான் இருந்தன. வேறு பிரதி இல்லை. "பாட்டு ஃபோல்டர் எங்க தம்பி?" என்று அவர் கேட்டபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது.

"வைரஸ் ஐயா. யாராவது வெளி பென்டிரைவ் போட்டீங்களா?"

வாயில் தானாக வந்தது. அவர் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்துப் பென்டிரைவை அந்த வாரம் போட்டிருக்கிறாள். "நான் ஒண்ணும் பண்ணல தாத்தா" என்றாள். அடுத்த முறை அதை எடுத்து வந்து நீட்டினாள். அவர்கள் முன்னாலேயே ஸ்கேன் பண்ணினேன். ஆண்டுவிழாப் படங்களும் ஓர் அறிவியல் பாடமும் தவிர அதில் எதுவும் இல்லை. "கிளீன் பண்ணிட்டேன், இனிமே கவனமா இரு பாப்பா" என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஃபார்மேட்டுக்கு ஐயாவிடம் காசும் வாங்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குவிக் ஃபார்மேட் உடனே எல்லாவற்றையும் துடைத்துவிடாது. அட்டவணை போகும், பதிவுகள் பல டிஸ்கிலேயே கிடக்கும், மேலே புதிதாக எழுதும் வரை. ஐயா கேட்ட அந்த நிமிடமே மெஷினை அணைத்து, டிஸ்கை வேறு மெஷினில் மாட்டி ரெக்கவரி மென்பொருள் ஓட்டியிருந்தால் பாதிப் பாட்டாவது வந்திருக்கலாம். ஓட்டினால் எதற்கு இது என்று முதலாளி கேட்பார். அதனால் ஓட்டவில்லை. ஆஃபீஸும் தமிழ் எழுத்துருக்களும் ஏற்றிக் கொடுத்தேன். ஏற்றிய ஒவ்வொன்றும் அந்தப் பாட்டிகளின் குரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஐயா மறுபடி ஊர் ஊராகப் போனார். பாடியவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார், என்னிடம் வாடிக்கையாளர்களை அனுப்பும்போது. இன்றைக்கும் அனுப்புகிறார். இப்போது எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. எந்த மெஷின் வந்தாலும் முதலில் டிஸ்கை நகல் எடுக்காமல் தொடுவதில்லை. அது மற்றவர்களுக்கு. ஐயாவுக்கும் அவர் பேத்திக்கும் நான் எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகிறேன். அந்தப் பெண் இப்போது வளர்ந்திருப்பாள். ஐயாவுக்கு முன்னால் அவளிடம்தான் சொல்ல வேண்டும்: உன் பென்டிரைவில் ஒன்றுமே இல்லை பாப்பா, அன்றைக்கே எனக்குத் தெரியும்.