ஏறும் முன் இறங்குதுறை

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வள்ளம் இறக்கப் போகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, வெயில் ஏறிய பிறகு எந்தத் துறையில் கரையேறுவது என்பதை. எத்தனை பேர், என்ன சாப்பாடு, எங்கே ஏறுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆறு உள்ள ஊர்க்காரருக்கு இந்தக் கவலை இல்லை. மேல்துறையில் ஏறினால் ஓடுகிற தண்ணீரே கீழ்த்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எங்கள் குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரி வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக வந்து அராலியில் கடலேரிக்குள் விழுகிற சில கிழமைகளுக்குத்தான் ஆறு. மற்ற மாதங்களில் அதன் படுகையில் மாடு மேயும். தொண்டைமானாறும் உப்பாறும் உவர்நீர் தேங்கிய ஏரிகள். ஆகவே இங்கே வள்ளத்தைக் கொண்டுபோவதும், சில நாட்களில் திரும்பி வரவிடாமல் மறிப்பதும் காற்று.

ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் அல்கொங்குவின் காட்டில் கனூ விட்டு ட்றவுட் பிடிக்கிறவன். படமெல்லாம் அனுப்புவான். “மாமா, அடுத்த முறை பிள்ளையளோடை வரேக்கை உங்கையும் அப்பிடி ஒரு பயணம் போகேலாதோ?” என்று கேட்டான். “போகலாம் தம்பி. மீன் வேறை, தண்ணி வேறை. எந்த மாசம் வாறாய் எண்டு முதல் சொல்லு” என்றேன். அவன் அனுப்பிய திட்டத்தாளில் எல்லாம் இருந்தது: எந்த இடத்தில் கனூவை இறக்குவது, எந்த ஏரிக்கும் எந்த ஏரிக்கும் இடையில் அதைத் தலையில் சுமந்து நடப்பது, இரவுக்கு எங்கே கூடாரம். காற்று மட்டும் இருக்கவில்லை.

ட்றவுட்டைப் பற்றி அவனுக்கு விளங்கப்படுத்தினேன். இலங்கையில் அந்த மீன் உண்டு. 1880களில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். ஹோட்டன் சமவெளியின் குளிர்நீரில் இன்னமும் அந்த இனம் வாழ்கிறது. அதற்கு வேண்டியது ஓடுகிற, குளிர்ந்த, மூச்சுக்காற்று நிறையக் கரைந்த தண்ணீர். எங்கள் கடலேரி நடுப்பகலில் கை வைத்தால் வெதுவெதுக்கும். தூண்டில்காரனுக்கு இங்கே ட்றவுட்டின் இடத்தில் நிற்பது கொடுவா. அதே வேகம், அதே பாய்ச்சல், தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் மறைந்து நின்று இரை தாக்குகிற அதே குணம்.

இனிக் காற்று. சோளகம் வைகாசியளவில் எழும்பிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும். வாடை ஐப்பசிக் கடைசியில் மழையோடு வந்து மாசி வரை வடகிழக்கிலிருந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில், பங்குனி சித்திரையில், காற்று விழுந்து ஏரி பளிங்காய்க் கிடக்கும் நாட்கள் வரும். பழகாதவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு என்னைக் கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்லுவேன். சோளக காலத்திலும் விடியற்காலையில் காற்று இளகியிருக்கும். வெயில் ஏற ஏறப் பலக்கும். கடலேரி நானூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. ஆனால் ஆழம் சராசரியாக ஒன்றரை மீற்றர்தான். இவ்வளவு அகன்ற, இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் காற்று ஏறினால் எழும்புகிற அலை உயரமில்லை. ஆனால் கிட்டக்கிட்ட வரும். ஒன்று அணியத்தில் மோதி விழுமுன் அடுத்தது வந்துவிடும். ஆழ்கடலில் பழகியவர்கூட இதற்குள் வந்து களைத்துப் போவதைக் கண்டிருக்கிறேன்.

நான் பிடித்த பாதை தென்மராட்சியின் தென்கரையோரம்: நாவற்குழி, கோயிலாக்கண்டி, மறவன்புலவு, தனங்கிளப்பு, கேரதீவு. கரையோரமாக ஒரு பதினைந்து கிலோமீற்றர் வரும். சோளகத்தில் நாவற்குழியில் ஏறிக் கேரதீவில் இறங்குவது. வாடையில் கேரதீவில் ஏறி நாவற்குழியில் இறங்குவது. இப்படி வைத்தால் இரண்டு காலத்திலும் காற்று வலத்தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று தள்ளும். நாவற்குழி – கேரதீவு வீதி ஏரிக்குக் கிட்டவே ஓடுவதால், இறங்குதுறையில் ஒரு லான்ட்மாஸ்ரரை முன்கூட்டியே நிறுத்தி வள்ளத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பலாம். போன வழியே வலித்துத் திரும்பி வருவது வீரம் என்று நினைக்கிற இளம்பிள்ளைகளுக்கு நான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறேன்.

இதில் ஆபத்தானது எது என்று கேட்டால் பெரும்பாலும் எல்லோரும் சோளகத்தைக் காட்டுவார்கள். நான் வாடையைச் சொல்லுவேன். சோளகம் ஏரிப்பக்கமிருந்து தென்மராட்சிக் கரையை நோக்கி அடிக்கிறது. கைசோர்ந்தவனைச் சேற்றிலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். வாடை கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கிறது. கரையோரம் பனையும் கண்டலும் மறைப்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அதை நம்பி வெளியே போனால், மறைப்பு விட்ட இடத்தில் காற்றுப் பிடித்துப் பூநகரிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதனால் வாடையில் ஒரே விதி: கம்பு நிலத்தில் முட்டுகிற ஆழத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

கம்பு என்றேன். எங்கள் பயணத்தில் பாதி வேலை அதுதான். இயந்திரம் பூட்டினால் சாதாளைப் புல்லுக்குள் சிக்கும், மீனும் கலையும். இரண்டு பேர் ஏறுகிற சின்னக் கண்ணாடிநார் வள்ளம், ஒரு மரக்கோல், ஆழம் வந்தால் வலிக்க ஒரு சோடிச் சவள். பின்பக்கத்தில் நின்று, குதிக்காலுக்குப் பக்கத்தில் கோலை நேரே இறக்க வேண்டும். நுனி நிலத்தில் ஊன்றியதும் தள்ளாமல் ஒரு கணம் பொறுக்க வேண்டும். வள்ளம் முன்னேறிக் கோல் பின்னால் சரியும்போது உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ளி, இழுக்கும் முன் மணிக்கட்டால் ஒரு முறுக்கு. அந்த முறுக்கு இல்லாவிட்டால் சேறு கோலை விடாது. கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை விட்டு வள்ளம் போய்விடும். பழகிய கைக்கு அடிநிலம் கோல் வழியாகவே தெரியும். மணல் கறகறக்கும். சேறு சத்தமில்லாமல் விழுங்கும். சாதாளை வழுக்கும். சாதாளையும் மணலும் சந்திக்கிற கரையில் கோலை நிறுத்தித் தூண்டிலை எடுக்கலாம்.

அந்த ஓரத்தில் முதலில் கடிப்பது பெரும்பாலும் ஓரா. சின்னத் தூண்டில், மெல்லிய தங்கூசி, இறால் சதைத் துண்டு போதும். பிடிப்பது சுலபம், கழற்றுவதுதான் வித்தை. முதுகில் 13 முள், அடியில் 7, கீழ்ச்செட்டை இரண்டிலும் இவ்விரண்டு; எல்லாம் நஞ்சு. வெறுங்கையால் தொடக்கூடாது. நனைத்த சாக்குத்துண்டைத் தலைப்பக்கமிருந்து வாலை நோக்கித் தடவினால் முள்ளெல்லாம் படுத்துவிடும்; அப்படியே அமத்திப் பிடித்துத் தூண்டிலை எடுக்க வேண்டும். குத்திவிட்டால், கை பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீருக்குள் வைத்திருந்தால் வலி இறங்கும். அதற்காகவே ஒரு சுடுதண்ணிப் போத்தல் வள்ளத்தில் இருக்க வேண்டும். தேத்தண்ணிக்கு எடுத்து முடித்துவிடக் கூடாது. வள்ளத்தை விட்டு இறங்கி நடக்கிறவர் காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தோடு இழுத்து இழுத்து வைக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கை அந்த அசைவு கேட்டு விலகிப் போகும். மேலே மிதித்தால் வாலால் அடிக்கும்.

கொடுவாவுக்கு இடம் வேறு. தண்ணீர் ஒடுங்கி ஓடுகிற இடம் வேண்டும்: நாவற்குழிப் பாலத்தடி, சங்குப்பிட்டிப் பாலத்தடி. 2011இல் அந்தப் பாலம் திறக்குமுன் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் பாதைப் படகு ஓடிய துறை அது; ஏரியின் கிழக்குப் பகுதித் தண்ணீர் பெருக்கிலும் வத்திலும் அதற்குள்ளால்தான் போய்வர வேண்டும். எங்கள் பெருக்கு பெரிதல்ல, அரை மீற்றரளவுதான். ஒன்றரை மீற்றர் ஏரிக்கு அது சின்ன விஷயமல்ல. அமாவாசையையும் பூரணையையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலமாக இருக்கும். கொடுவா தூணுக்குப் பின்னால், ஓட்டம் உடைகிற நிழலில் நிற்கும். உயிர் இறாலைக் கோத்து ஓட்டத்தோடு விட வேண்டும். அது வாயால் தூண்டிலை அறுக்காது. செவுள்மூடியின் விளிம்புதான் கத்தி. தங்கூசியும் அறும், விரலும் அறும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கொடுவா பிறக்கும்போது ஆண். வளர்ந்து பெருத்த பிறகு பெட்டையாக மாறும். கைநீளத்துக்கு மேல் உள்ளதெல்லாம் பெரும்பாலும் முட்டைக்காரி. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடச் சொல்லுவேன். விற்றுச் சீவிக்கிறவனுக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவனுக்குச் சொல்லலாம்.

அந்த உரிமை விஷயம் திட்டமிடும்போதே வரவேண்டும். ஏரி வெறும் தண்ணீராகத் தெரிந்தாலும் அதில் யாரோ ஒருவரின் சீவியம் நடப்பட்டிருக்கிறது. கம்பு வரிசையாகக் குத்தி வலைச்சிறகு கட்டிய களங்கட்டிகள், இறால் கூடுகள், அண்மைய ஆண்டுகளில் வலையடைப்புப் போட்ட கடலட்டைப் பண்ணைகள். அட்டைப் பண்ணைகள் வந்தபின் அரியாலைப் பக்கமும் பூநகரிப் பக்கமும் முன்பு வள்ளம் போன வழி சில மறிபட்டுவிட்டன. சிறுதொழிலாளர் அதைப் பற்றிக் குரல் கொடுக்கிறார்கள், அந்தக் குரலில் நியாயம் உண்டு. பயணத்துக்கு முதல்நாளே அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் எது வழி, எது வலை என்று சொல்லுவார்கள். சிறகின் மேலால் வள்ளத்தை ஏற்றி இழுத்துக்கொண்டு போனால் ஒருவரின் ஒரு இரவு உழைப்புப் போய்விடும்.

இந்தத் தண்ணீரில் வழி தெரிந்திருப்பது என்றால் என்னவென்று எங்கள் ஆட்கள் கற்றது கிளாலியில். 1990களின் முதற்பாதியில், போரில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடப்பட்டபோது, குடாநாட்டுச் சனம் வெளியே போகக் கிளாலிக் கடலேரிதான் முக்கிய வழியாக இருந்தது. இருட்டில், விளக்கில்லாமல், ஒரு இயந்திர வள்ளத்துக்குப் பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்களில் நோயாளியும் கர்ப்பிணியும் மாணவரும் போனார்கள். சூடுபட்டுச் செத்தவர்கள் பலர். ஐயா அப்போது வள்ளம் விட்டவர். நட்சத்திரம் தெரியாத மழை இருட்டில் கன்னத்தில் படுகிற வாடையின் கோணத்தை வைத்தே திசை பிடித்ததாகச் சொல்லுவார். வலக்கன்னம், இடக்கன்னம் என்று எனக்கு அவர் சொல்லித்தந்ததைத்தான் இன்று பொழுதுபோக்காக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கும்போது அது எங்கிருந்து வந்ததென்றும் சொல்லுகிறேன்.

“உண்மையான ஆறு ஒண்டை இஞ்சை கொண்டுவரேலாதோ மாமா?” என்று மருமகன் கேட்டான். கேட்டவன் அவன் முதல் ஆளில்லை. 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று ஒரு திட்டம் வைத்தார். வன்னியின் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியானில் வெட்டுகிற வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் விட்டு, உவர்நீரை மெல்ல நன்னீராக்குவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் உண்டு. வாய்க்கால் அரைகுறையாய் நின்றது. கிணற்றை நம்பியிருக்கிற தோட்டக்காரருக்கு அந்த நீர் வேண்டும் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இறால் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் கடலிலிருந்து ஏரிக்குள் ஏறி வளர்கிறவை. தடுப்பணைக் கதவை எந்தக் கிழமை திறப்பது, எந்தக் கிழமை மூடுவது என்று முடிவுசெய்கிற மேசையில் வலைக்காரனுக்கும் ஒரு கதிரை இருக்க வேண்டும்.

மருமகனுக்குப் பிள்ளைகளின் விடுமுறை ஆடி ஆவணியில்தான். நடுச்சோளகம். பங்குனிக்கு வா என்று கேட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. ஆகவே முழுப்பாதையை வெட்டிவிட்டேன்: நாவற்குழியில் கிழக்கு வெளுக்கும்போது ஏறித் தனங்கிளப்பில் எட்டரைக்கு முன் இறங்குவது. ஒரு வள்ளத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு பெரிய ஆள், எல்லாருக்கும் மிதவை அங்கி. ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிதண்ணி. ஓராவுக்கு மட்டும் தூண்டில். கொடுவாவை இன்னொரு பின்னேரம் பாலத்தடியில் பார்க்கலாம். ஐந்தரைக்கு நாவற்குழியில் பனையோலை சலசலத்தால் அன்றைக்கு வள்ளம் இறங்காது, அடுத்த நாள் பார்ப்பது. இதற்காகவே அவன் நிற்கிற கிழமையில் மூன்று விடியல்களை வேறு வேலை வைக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன்.