ஐம்பது ரூபாய்க் கடமை

முதுமையில் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் யாத்திரை செல்வோர் உண்டு. கர்னல் வி.என்.தாபர் பலமுறை சென்ற யாத்திரையோ திராஸ் மலைப்பகுதிக்கு. கார்கில் போரில், 1999 ஜூன் 29 அன்று, அங்கேதான் அவருடைய மகன் கேப்டன் விஜயந்த் தாபர் வீரமரணம் எய்தினார். வயது 22. மறைவுக்குப் பின் அவருக்கு வீர சக்கரம் வழங்கப்பெற்றது.

இறுதிப் போருக்கு முன் மகன் எழுதிவைத்த கடிதம் பெற்றோரை வந்தடைந்தது. தமக்கென எதையும் அவர் கேட்கவில்லை. இயன்றால், படையினர் போரிட்ட இடத்தை வந்து பார்க்க வேண்டும். அநாதை இல்லத்துக்குப் பொருள் உதவ வேண்டும். காஷ்மீரத்துச் சிறுமி ஒருத்திக்கு மாதந்தோறும் 50 ரூபாய் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பனவே அவர் வேண்டியவை. அச்சிறுமி தீவிரவாதிகளால் தந்தையை இழந்தவள். மரணத்தின் வாயிலில் நின்றபோதும் அந்த ஐம்பது ரூபாயை அவர் மறக்கவில்லை.

தந்தையும் படைவீரரே. புத்திர சோகத்தில் அவர் முடங்கிவிடவில்லை. மகன் சொன்ன மலைக்குச் சென்றார். அவன் வாழ்வை நூலாக்குவதில் பங்கேற்றார். எல்லையில் நிற்போரை நாடு மறக்கலாகாது என்பதே அவர் வாழ்வு விடுக்கும் வேண்டுகோள்.

டிசம்பர் 7 கொடி நாள். அன்று திரளும் நிதி முன்னாள் படைவீரருக்கும், உயிர்நீத்தோர் குடும்பத்துக்கும் பயன்படுகிறது. இயன்றதை அளிப்போம். சந்நிதியில் நம் பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறோம். பனியில் காவல் நிற்கும் பிள்ளைகளுக்காகவும் ஓர் அர்ச்சனை செய்வோம். அவர்தம் பெயரும் நட்சத்திரமும் நாம் அறியோம், ஆண்டவன் அறிவான்.