பெட்டிக்குள் பெட்டி

எங்கள் வெள்ளக்கடைப் பக்கம் காட்டெருமைகள் இரவில் தோட்டத்துக்குள் வருவது வாசகர்களுக்குத் தெரியும். கீழே எதை நட்டாலும் அவற்றுக்கே விருந்து. அதனால் புதினா, கொத்தமல்லியை மாடிக்குக் கொண்டுபோனோம். மரப்பெட்டி மழையில் ஊறி உளுத்துவிட்டது. சிமெண்டில் பண்ணலாம் என்றதும் வீட்டுக்காரி கேட்டாள்: "பண்ணிடுவீங்க, மாடிக்கு யார் தூக்குறது?"

நியாயமான கேள்வி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், கனம் 4 செ.மீ. என்று வைத்தாலே சாதாரண கான்கிரீட்டில் 60 கிலோவை ஒட்டி வரும். ஜல்லியை விட்டுவிட்டு சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, தெர்மோகோல் மணி மூன்று பங்கு என்று கலந்தால் பாதிக்கும் கீழே, 27, 28 கிலோ. எழுபதைத் தாண்டிய இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிற கனம்.

கலவை சுலபம். வேலையெல்லாம் அச்சில்தான். கொத்தனார்கள் சென்ட்ரிங் என்பதைப் பிரெஞ்சில் 'கொஃப்ராஜ்' என்பார்கள். பெட்டி என்று பொருள்படும் 'கொஃப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் அருமை இப்போதுதான் தெரிந்தது. கான்கிரீட் பெட்டி செய்ய முதலில் இரண்டு மரப்பெட்டி செய்தாக வேண்டும்!

வெளிப்பெட்டி சில்வர் ஓக் பலகை. ஆணி அடிக்கவில்லை, திருகாணிதான். கழற்றும்போது சுத்தியல் தட்டினால் இளங்கான்கிரீட் விரியும். ஈரக்கலவை அடிப்பக்கம்தான் அதிகம் தள்ளும் என்பதால் கீழே கயிறு கட்டி இறுக்கினேன்.

உள்பெட்டிதான் சூட்சுமம். கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கி உள்பெட்டியைக் கவ்விக்கொள்ளும். ஆகவே அதன் அடியைப் பக்கத்துக்கு அரை செ.மீ. குறுக்கி, எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். சுற்றிலும் கலவை போட்டால் அது படகு மாதிரி மிதந்து எழும்பும். அதற்கு மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைத்தோம். தண்ணீர் வடிய அடியில் இரண்டு குழாய்த் துண்டு. சுவரின் நடுவே கோழி வலை. தெர்மோகோல் கலவைக்குப் பலம் குறைவு, வலை இல்லாமல் நிற்காது.

வலை என்றதும் ஜோசப் மோனியே நினைவுக்கு வருகிறார். பிரான்ஸில் தோட்டக்காரர். மரத்தொட்டிகள் உளுத்துப்போவது பொறுக்காமல் சிமெண்டுக்குள் இரும்பு வலை வைத்துத் தொட்டி செய்து, 1867இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய கம்பி கான்கிரீட்டின் முன்னோடிகளில் ஒன்று ஒரு பூந்தொட்டி!

கலவை நீர்த்துப்போகக் கூடாது. தெர்மோகோல் மேலே வந்து மிதக்கும். கைப்பிடியில் உருண்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குளிரில் மூன்று நாள் விட்டேன். உள்பெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்கு.

படியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். மண்ணை மேலே போனபிறகு வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டோம். புதினா பிடித்துவிட்டது. அச்சுப் பலகைகளைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன். இன்னும் மூன்று பெட்டி வேண்டுமாம்.